கூட்டில் மூன்று

அந்தப் பதிவில் ஒரு பிழைகூட இல்லை. அதுதான் முதலில் அவன் கண்ணை உறுத்தியது.

ஏரிக்கரை நடைபாதையின் வாசலில், காவலாளியின் அறைச் சுவரில், ஆணியில் நூல் கட்டித் தொங்கும் நோட்டு அது. காலையிலும் மாலையிலும் நடக்க வருகிறவர்கள் வழியில் எந்த உயிரைப் பார்த்தாலும் அதில் எழுத வேண்டும். நேரம், இடம், என்ன, எத்தனை. நான்கே கட்டங்கள். அதை ஒழுங்காக நிரப்ப ஒருத்தருக்காவது வருமா என்றால் வராது. கீரியைப் பார்த்துவிட்டு 'பெரிய அணில்' என்று எழுதுவார்கள். மீன்கொத்திக்கு நேராக, எத்தனை என்ற கட்டத்தில், 'ரொம்ப அழகு' என்று எழுதுவார்கள். ஒரு பெரியவர் 'பாம்பு, பாதி' என்று எழுதியிருந்தார். மீதிப் பாதி புதருக்குள் இருந்ததாம்.

அவனுக்குப் பாடப் புத்தகம் அச்சடிக்கிற அச்சகத்தில் புரூஃப் பார்க்கிற வேலை. பகல் முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அடுத்தவர் பிழையைத் தேடுகிறவன், அதற்கு முன்னால் காலை ஆறு மணிக்கு இங்கே வந்து அதே வேலையைச் சும்மா செய்துகொண்டிருந்தான். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா இருக்கும். நடைபாதையில் அவனுக்குப் பெயரே 'சிவப்புப் பேனா சார்' என்று ஆகிவிட்டது. கேலிதான். தெரியும். ஆனால் அவன் கைவிட்டால் அந்த நோட்டில் இரண்டே வாரத்தில் யானையும் சிங்கமும் வந்துவிடும்.

திங்கள்கிழமைப் பக்கத்தில் முதல் வரியாக அது இருந்தது. கறுப்பு மையில், அச்சுக் கோத்தது போன்ற எழுத்து.

'காலை 5.50. மஞ்சள் கேட் வீடு, குழாயடி. ஆண், வளர்ந்தது. ஒன்று. முன்தலையில் மயிர் உதிர்ந்திருக்கிறது. முகம் கழுவியது. இருமுறை இருமியது. முணுமுணுத்தபடி உள்ளே போனது.'

மஞ்சள் கேட் வீடு அவனுடையது. முணுமுணுத்தது குழாய் ஒழுகுவதைப் பற்றி. ஒரு மாதமாக ஒழுகுகிறது, பிளம்பர் இதோ அதோ என்கிறான்.

"அண்ணே, எனக்கு முன்னாடி இன்னிக்கு யாரு வந்தா?" என்று காவலாளியைக் கேட்டான்.

"யாரும் வரலையே சார். நீங்கதானே எப்பவும் முதல் ஆளு."

"நோட்டுல எழுதியிருக்கே."

"நோட்டு உள்ள பூட்டியில்ல இருந்துச்சு? உங்களைப் பாத்தப்புறம்தான் எடுத்து மாட்டினேன்."

தூக்கக் கலக்கத்தில் பேசுகிறார் என்று விட்டுவிட்டான். யார் வேலை என்று யோசிக்க அவசியமே இல்லை. எதிர் வீட்டுப் பல் டாக்டர். தொழில் அடுத்தவர் வாயைத் திறக்க வைப்பது என்றாலும், வெளியே வந்தால் தன் வாயைத் தவிர வேறு யார் வாயையும் திறக்க விடமாட்டார். அவர் வீட்டு மாடி சன்னலிலிருந்து பார்த்தால் இவன் குழாயடி நன்றாகத் தெரியும். ஆறரைக்கு அவர் வந்ததும் நோட்டை அவர் முகத்துக்கு நேராக நீட்டினான்.

டாக்டர் படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "சூப்பர் சார்! ஆனா நான் எழுதலை. நான் எழுதியிருந்தா உங்களால படிக்க முடியுமா? டாக்டர் கையெழுத்து சார் என்னுது."

அதுவும் சரிதான். இருந்தாலும் வேறு யாரையாவது எழுதச் சொல்லியிருக்கலாம். விளையாட்டுக்கு ஓர் அளவு வேண்டாமா என்று அன்று முழுவதும் அவனுக்கு எரிச்சலாகவே இருந்தது.

செவ்வாய்க்கிழமை இன்னொன்று.

'காலை 5.40. அதே வீடு, கொல்லைப்புறம். பெண், வளர்ந்தது. ஒன்று. ஆணைவிடச் சிறியது. ஈரத்துணி உலர்த்தியது. ஆண் அருகில் வந்ததும் குரல் உயர்த்தியது. ஆண் விலகியது.'

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னான். அவள் அடுப்படியில் நின்றபடி கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"பரவாயில்லையே. உங்களைவிட என்னை நல்லா கவனிச்சிருக்கு."

"சிரிக்கிற விஷயமா இது? கொல்லைப்புறம் டாக்டர் வீட்டு மாடியிலேர்ந்து தெரியாது."

"அப்ப வேற யாராவது. எனக்கு இருக்கிற வேலையில இதெல்லாம் ஒரு கவலையா? போய் வாண்டு முழிச்சுட்டாளான்னு பாருங்க."

மகள் வாண்டு பின் அறையில் இருந்தாள். ஆறு வயது. வலது காலில் தொடை வரை மாவுக்கட்டு. ஒன்றரை மாதமாக அந்தக் கட்டிலை விட்டு இறங்கவில்லை. அந்த அறைச் சன்னலைத் திறந்தால் கை நீட்டும் தூரத்தில் பக்கத்து வீட்டுச் சுவர்தான். வெளிச்சமும் வராது, ஒரு காக்காய்கூட எட்டிப் பார்க்காது. பகலிலும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். முன் அறைக்கு அவளை மாற்றிவிடலாம் என்றால் கட்டில் அந்த வாசலில் நுழையவில்லை. அதையும் ஒன்றரை மாதமாகப் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மாவுக்கட்டின் மேல் அவள் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் மூன்று பறவைகள் வரைந்திருந்தாள். மூக்குக் கண்ணாடி போட்டது அப்பா. நீளச் சடை வைத்தது அம்மா. ஒரு கால் மட்டும் குண்டாக, நடுவில் நிற்பது அவள்.

"மூணு. சரியா எண்ணிட்டேன்பா," என்று அவள் ஒவ்வொரு நாளும் சொல்வாள். ஒவ்வொரு நாளும் அவனுக்கு அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாகத் தைக்கும்.

ஒன்றரை மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பறவைக்காரர் வந்திருந்தார். பறவைகளுக்கு வளையம் போட்டு ஆராய்ச்சி செய்கிறவர். ஏரிக்கரை நோட்டின் கணக்கு வாராவாரம் அவருக்குத்தான் போகும். புதர்களுக்கு நடுவே மெல்லிய வலை கட்டி, சிக்கிய குருவியை எடுத்துப் பருத்திப் பையில் போட்டு எடை பார்த்தார். பிறகு உள்ளங்கையில் மல்லாத்தி, வயிற்று இறகை வாயால் ஊதி விலக்கி, உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று பார்த்தார். இடது காலில் எண் போட்ட சின்ன வளையத்தை மாட்டிப் பறக்கவிட்டார். வாண்டு அவர் காலைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"பயப்படாதா அங்கிள்?"

"பையில போட்டா அடங்கிடும்மா. இருட்டிடுச்சுன்னு நினைச்சுக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் மறந்துடும். வளையம் எப்பவும் கால்லயே இருந்த மாதிரி பறந்துட்டுத் திரியும்."

"குஞ்சுக்கும் போடுவீங்களா?"

"குஞ்சுதான் எங்களுக்கு முக்கியமே. வயசு சரியா தெரியும்ல? சில சமயம் ஒண்ணைக் கையோட எடுத்துட்டே போயிடுவோம்."

"அய்யோ! அம்மா தேடாதா?"

பறவைக்காரர் சிரித்தார். "அதுக்கு எண்ணத் தெரியாதும்மா."

மறுநாள் காலை வாண்டு கொல்லைப்புறச் சுவரில் ஏறி நின்று, மரக் கிளையில் இருந்த கொண்டைக்குருவிக் கூட்டை எட்டிப் பார்த்தாள். இவன் கீழே தாளும் பேனாவுமாக நின்றான். எத்தனை குஞ்சு என்று கேட்டான். "ரெண்டு... மூணு மாதிரி இருக்குப்பா," என்றாள். மாதிரி என்றால் என்ன அர்த்தம் என்று அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ரெண்டா மூணா? சரியா பாத்துச் சொல்லு." அவள் இன்னும் கொஞ்சம் எக்கினாள்.

எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. குழந்தை தானாக ஏறி விழுந்தாள் என்றுதான் மனைவி இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவன் சொல்லவில்லை. வாண்டுவும் சொல்லவில்லை. அவள் சொல்லாததுதான் அவனுக்கு அதிகமாக வலித்தது.

புதன்கிழமை காலை குழாயடியில் நின்றபோது ஏதோ குறைவது போல இருந்தது. வாளியில் தண்ணீர் விழும் சத்தம் வழக்கத்தைவிடப் பெரிதாகக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, வேறு சத்தமே இல்லை. இந்த நேரத்துக்குச் சுவரின் மேல் இரண்டு மைனாக்கள் சண்டை பிடித்துக்கொண்டிருக்கும், அணில் ஒன்று விடாமல் கத்தித் தீர்க்கும், கொண்டைக்குருவி மரத்துக்கும் கம்பிக்கும் போய்வந்துகொண்டிருக்கும். ஒன்றும் காணோம். பறவைகளுக்கென்று வைத்திருந்த மண் சட்டியில் நேற்று ஊற்றிய தண்ணீர் அப்படியே, ஓர் இலைகூட விழாமல் நின்றது. காற்றில் லேசாக ஒரு வாடை. பெட்டியில் வெகுநாள் மடித்து வைத்த பருத்தித் துணியின் வாடை, அதோடு இறகுத் தூசியும் கொஞ்சம் எச்சமும் கலந்தது. எங்கேயோ முகர்ந்த வாடைதான். எங்கே என்று பிடிபடவில்லை.

அன்றைய பதிவு சிறியது.

'மஞ்சள் கேட் வீடு. கூடு. இரண்டு. இரண்டும் வளர்ந்தவை. குஞ்சு இல்லை.'

அச்சகத்துக்கு நேரமாகிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நோட்டை ஆணியில் மாட்டிவிட்டுப் போனான்.

சில நாட்கள் விடிவதே நம்மை வம்புக்கு இழுக்கத்தான் என்று தோன்றும். மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு படம் தலைகீழாக அச்சாகி, பத்தாயிரம் பிரதி கட்டுக் கட்டாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. மேனேஜர் எல்லார் முன்னாலும் வைத்து, "நீங்க எதுக்கு சார் இங்க இருக்கீங்க?" என்று கேட்டார். படம் பார்ப்பது அவன் வேலையே இல்லை. சொன்னால் யார் கேட்கிறார்கள்? மதியம் எலும்பு டாக்டரிடமிருந்து போன் வந்தது. வீட்டுக்கே வந்து எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு சரியாகக் கூடவில்லை, கட்டு இன்னும் ஒரு மாதம் இருக்கட்டும் என்றார். மனைவி போனில் அழுதாள். "நீங்க வீட்லதானே இருந்தீங்க அன்னிக்கு? அவ ஏறினதைப் பாக்கலையா?" என்று நூறாவது முறையாகக் கேட்டாள். அவன் நூறாவது முறையாக, "பாக்கலை," என்றான்.

மாலை வீட்டுக்குப் போகிற வழியில் கால்கள் தாமாக ஏரிக்கரைக்குத் திரும்பின. காவலாளி குடத்தில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். ஏரியில் வெயில் மங்கிக்கொண்டிருந்தது. நோட்டு ஆணியில் அசையாமல் தொங்கியது. அவன் அந்தப் பக்கத்தைத் திறந்து மறுபடி படித்தான்.

குஞ்சு இல்லை.

ஒன்றரை மாதமாக இந்த நடைபாதையில் ஒரு ஆள், ஒரே ஒரு ஆள்கூட, "குழந்தைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்கவில்லை. அவள் இந்த வழியில் எத்தனை நாள் குதித்துக்கொண்டு ஓடியிருப்பாள்! எல்லாருக்கும் நத்தை பொறுக்கிக் கொடுத்திருப்பாள். இப்போது எவனோ ஒரு வேலையற்றவன் கிண்டல் செய்ய உட்கார்ந்து, அந்தக் கிண்டலையும் அரைகுறையாகச் செய்து, அவள் இல்லவே இல்லை என்று எழுதி வைத்திருக்கிறான். ஆத்திரம் அவன் கண்ணை மறைத்தது. எழுதுவதுதான் எழுதுகிறாய், சரியாக எழுதித் தொலையேன்!

சிவப்புப் பேனாவை எடுத்தான். 'இரண்டு' என்பதை அடித்து மேலே 'மூன்று' என்று எழுதினான். 'குஞ்சு இல்லை' என்பதை அடித்துவிட்டு ஓரத்தில், 'குஞ்சு ஒன்று. ஆறு வயது. பின் அறையில்' என்று, பேனா தாளில் பதிய, அழுத்தி எழுதினான்.

அன்றைக்கு முழுவதும் அவன் செய்த ஒரே சரியான காரியம் அதுதான் என்று அப்போது தோன்றியது. வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினான்.

வியாழக்கிழமை விடியும்போது நெஞ்சில் சில்லென்று பட்டு விழிப்பு வந்தது. சட்டைப் பொத்தான்கள் நான்கும் திறந்திருந்தன. நெஞ்சு மயிர் நடுவில் வகிடு எடுத்தாற்போல இரு பக்கமும் ஒதுங்கிக் கிடந்தது. மின்விசிறி ஓடவில்லை. அறையில் அந்தத் துணி வாடை. நேற்றைவிட அதிகமாக. அடுத்த கட்டிலில் மனைவி மல்லாந்து, கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டியிருக்க, அசையாமல் தூங்கினாள். அப்படி அவள் தூங்கி அவன் பார்த்ததே இல்லை.

எழுந்து பின் அறைக்கு ஓடினான். வாண்டு இருந்தாள். வாயைத் திறந்துகொண்டு, விளக்கு வெளிச்சத்தில், மாவுக்கட்டின் மேல் ஒரு கையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவனுக்கு உயிர் திரும்பி வந்தது. சே, என்ன பயம் இது என்று தன்னையே திட்டிக்கொண்டு ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

காவலாளி அப்போதுதான் நோட்டை எடுத்து வந்தார். அவர் கையிலிருந்தே வாங்கிப் பிரித்தான்.

'அதே வீடு. ஆண்: எடை 71.4. கொழுப்பு மிதம். பெண்: எடை 56.2. கொழுப்பு குறைவு. இரண்டுக்கும் வளையம் இடப்பட்டது, இடது கால். விடுவிக்கப்பட்டன.'

அதன் கீழே, ஒரு வரி இடம் விட்டு, 'திருத்தத்துக்கு நன்றி. குஞ்சு இன்று பிற்பகல் எடுக்கப்படும்.'

குனிந்து இடது காலின் சாக்ஸைக் கீழே இறக்கினான். கணுக்காலுக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு வளையம். நூல் கனம்தான். பூட்டு இல்லை, இணைத்த இடமும் இல்லை. பொடி எழுத்தில் ஏதோ எண். நகத்தால் நெம்பினான். தோல் கிழிந்து ரத்தம் வந்தது. வளையம் அசையவில்லை.

"என்ன சார், கால்ல ஏதாவது குத்திடுச்சா?" என்றார் காவலாளி.

சிவப்புப் பேனாவை எடுத்தான். 'தவறு. இரண்டுதான். குஞ்சு இல்லை. குஞ்சு இல்லவே இல்லை' என்று எழுதினான். எழுதும்போதே அது பொய் என்று பார்க்கிற எவருக்கும் தெரிகிற மாதிரி இருந்தது. பக்கத்தைக் கிழித்தான். சுக்குநூறாக்கி ஏரியில் வீசினான். பிறகு ஓடினான்.

மனைவி எழுந்து முகம் கழுவியிருந்தாள். "உன் காலைக் காட்டு," என்றான். அவள் இடது கணுக்காலிலும் அதே சாம்பல் வளையம்.

"இது என்ன?"

அவள் குனிந்து பார்த்தாள். "என்ன புதுசா கேக்கறீங்க? இது எப்பவும் இருக்கிறதுதானே."

"எப்ப போட்ட? யாரு போட்டா? சொல்லு!"

"எப்பவும்..." என்று ஆரம்பித்து அவள் நிறுத்தினாள். நெற்றி சுருங்கியது. பிறகு அந்தச் சுருக்கம் தானாக மறைந்தது. "இருக்கிறதுதான்," என்றாள்.

எல்லாவற்றையும் கொட்டினான். நோட்டு, எடை, திருத்தம், எல்லாம். சுவரில் ஏறி நின்ற குழந்தையிடம் ரெண்டா மூணா என்று கேட்டதையும் அதோடு சேர்த்துச் சொல்லிவிட்டான். அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தான். அவள் மெல்ல, "அதைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். முதல்ல என் தம்பியைக் கூப்பிடுங்க. கார் எடுத்துட்டு வரச் சொல்லுங்க," என்றாள். அந்த நேரத்தில் அவள் மேல் அவனுக்கு வந்த அன்பு கொஞ்சநஞ்சமில்லை.

மச்சானுக்கு வாண்டு என்றால் உயிர். ஆனால் வேலை தூரத்து ஊரில். எவ்வளவு பறந்தாலும் வந்து சேர மத்தியானம் மூணு மணி ஆகும் என்றான். இவன் வாடகை வண்டிக்குப் போன் செய்தான். முதல் வண்டி வரவில்லை. இரண்டாவது வண்டிக்காரன் வழி தெரியவில்லை என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டான். தொடை வரை கட்டுப் போட்ட குழந்தையை ஆட்டோவில் மடக்கி உட்கார வைக்கவும் முடியாது. அவசரத்துக்கு உதவாத உலகம் இது என்று அவன் சுவரை ஓங்கிக் குத்தினான். கை வலித்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

சன்னல்களைச் சாத்தினார்கள். கதவுகளைத் தாழ்ப்பாள் போட்டார்கள். மனைவி முன்கதவில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவன் பின் அறைக்கு வந்து அந்தக் கதவையும் தாழிட்டுவிட்டு, கட்டிலில் ஏறி வாண்டுவை ஒட்டி உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"என்னப்பா, இன்னிக்கு ஆபீஸ் இல்லையா?"

"இல்லைடா. மாமா வராரு. எல்லாரும் கார்ல போறோம்."

"ஐ! ஏரிக்கா? நத்தை எடுக்கலாமா?"

"எடுக்கலாம்."

மணி ஒன்றரை. வெளியே நல்ல வெயில். ஆனால் பிற்பகலுக்கென்று இருக்கிற சத்தம் எதுவும் இல்லை. காக்காய் இல்லை. தூரத்து நாய் இல்லை. குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. ஒரு மாதமாக நிற்காத குழாய்.

"அப்பா, கையை இறுக்கிப் பிடிக்காதீங்க. வலிக்குது."

"சரிடா. ஒரு விளையாட்டு விளையாடலாமா? நான் கேட்டுட்டே இருப்பேன், நீ சொல்லிட்டே இருக்கணும். வீட்ல எத்தனை பேரு?"

"மூணு!"

"யார் யாரு?"

"அப்பா, அம்மா, நான்."

"எத்தனை?"

"மூணு."

"சத்தமா!"

"மூணுப்பா!"

மணி இரண்டு. கதவிடுக்கிலிருந்து அந்த வாடை வந்தது. மடித்த பருத்தி. இறகுத் தூசி. இப்போது நினைவு வந்துவிட்டது. பறவைக்காரரின் பை. சிரித்துக்கொண்டே வாண்டு முகத்துக்கு நேராக அவர் விரித்துக் காட்டிய பை.

"எத்தனை?"

"மூணு. அப்பா, விளக்கு என்ன ஆச்சு?"

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அதற்கும் அவர்களுக்கும் நடுவில் ஏதோ இறங்கியது. மெதுவாக. மெத்தென்று. விளக்கு மஞ்சளானது. பிறகு பழுப்பு. துணியின் நெசவு வழியாகப் பார்க்கிற மாதிரி, ஆயிரம் சின்னச் சின்னக் கட்டங்களாக வெளிச்சம்.

"எத்தனை? சொல்லு, எத்தனை?"

"மூணு."

கத்த நினைத்தான். குரல் எழவில்லை. பயம் வரவேண்டிய இடத்தில் ஓர் அமைதி வந்தது. அதுதான் அவனுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய கொடுமையாக இருந்தது. கை கால்கள் தாமாக உடம்போடு ஒட்டிக்கொண்டன. ராத்திரி ஆகிவிட்டது. தூங்கலாம். இல்லை. ராத்திரி இல்லை. மணி இரண்டு. கையை விடாதே. விடாதே.

"எத்தனை?"

"மூ..."

யாரோ ஊதினார்கள். மிக மெதுவாக. அவன் மேல் இல்லை. பக்கத்தில்.

"வாண்டு?"

இருட்டு.

"எத்தனை?"

அவன் விரல்களுக்குள் அவள் கை இல்லை.

"ரெண்டா?" அது அவன் குரல்தான். "மூணா?"

மைனா ஒன்று கத்தியது. பிறகு இன்னொன்று. அணில் விடாமல் கத்தித் தீர்த்தது. கொல்லைப்புறம் முழுவதும் கொண்டைக்குருவிகள். எத்தனை நாளாயிற்று இந்தச் சத்தத்தைக் கேட்டு! மனதுக்கு இதமாக இருந்தது. அவன் எழுந்து தாழ்ப்பாளைத் திறந்தான். இந்த அறைக் கதவை எதற்குத் தாழிட்டான் என்று தெரியவில்லை. பகலில் விளக்கு வேறு எரிகிறது. அதை அணைத்துவிட்டுச் சன்னலைத் திறந்தான். பக்கத்து வீட்டுச் சுவர். இந்த அறையை உருப்படியாக எதற்காவது பயன்படுத்த வேண்டும் என்று நினைத்தான். அடைசல் போடத்தான் லாயக்கு.

கட்டிலில் வெள்ளையாக என்னவோ கிடந்தது. எடுத்துப் பார்த்தான். மாவுக்கட்டு. சின்னது. வெட்டிய தடமோ விரிசலோ எங்குமே இல்லை. உள்ளே வெறுமை. உள்ளே கையை விட்டுப் பார்த்தான். சூடாக இருந்தது.

மனைவி வாசற்படியில் வந்து நின்றாள். "என்னங்க அது?"

"தெரியலை."

"எதுக்குக் கதவெல்லாம் சாத்தி வெச்சிருக்கோம்?"

"தெரியலை."

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம். ஹார்ன் இரண்டு முறை. பிறகு மச்சானின் குரல், மூச்சு வாங்க, சந்தோஷமாக. "வாண்டூ! மாமா வந்துட்டேன்! ரெடியா?"

மனைவி திரும்பிப் பார்த்தாள். "யாரைங்க கூப்பிடறான்?"

அவன் உதட்டைப் பிதுக்கினான். மாவுக்கட்டைத் திருப்பினான். அதன் மேல் யாரோ பறவைகள் வரைந்திருந்தார்கள். மூக்குக் கண்ணாடி போட்டது ஒன்று. நீளச் சடை வைத்தது ஒன்று. அவனுக்கே சிரிப்பு வந்தது, அச்சு அசல் அவர்கள் இருவரும்தான். நடுவில் இன்னொன்று இருந்தது. சின்னது. ஒரு கால் குண்டு. அது யார்? அவன் இருக்கிறான், அவள் இருக்கிறாள். அவ்வளவுதான். இரண்டு. எண்ணத் தெரியாதவர்கள் எதற்கு வரைய வருகிறார்கள் என்று பழைய எரிச்சல் தலைதூக்கியது.

சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, அந்த மூன்றாவது பறவையின் குறுக்கே, அலகிலிருந்து குண்டுக் கால் வரை, நேராக ஒரு கோடு அடித்தான். பக்கத்தில் '2' என்று எழுதி டிக் போட்டான். மையின் மேல் சொட்டுச் சொட்டாக ஈரம் விழுந்து சிவப்பு பரவியது. கூரை ஒழுகுகிறதா என்று அண்ணாந்து பார்த்தான். முகத்தைத் தொட்டான். தன் கண்ணிலிருந்துதான் வருகிறது. ஏன் என்று புரியவில்லை. மனைவி முகமும் நனைந்திருந்தது.

"வாண்டூ!" என்று வாசலில் மறுபடியும் கூப்பிடுவது கேட்டது.